பொருள் சொல்வதற்கு முன்னால்: குழந்தை நூல்களை வைத்துக் கவிதை கற்பிப்பது

மேடையில் ஒருவர் அடுக்கி அடுக்கிப் பேசினால், “என்ன எதுகை மோனை, பார்த்தாயா!” என்கிறோம். அவர் பேசியதைத் திரும்பக் கேட்டால், “மரம் வளர்த்தான், குளம் வெட்டினான், வழி காட்டினான்” என்று எல்லாம் ‘ஆன்’ என முடிந்திருக்கும். இந்த முடிவு ஒற்றுமை எதுகையும் அல்ல, மோனையும் அல்ல. வினைச்சொல் கடைசியில் வரும் மொழியில் யார் பேசினாலும் இப்படி முடிவுகள் ஒத்துப்போகும்.

கவிதையைப் பற்றி இப்படித் தோராயமாகப் பேசிப் பழகிவிட்டோம். பள்ளியில் இதற்கு நேர் எதிரான இறுக்கம். செய்யுள் பாடம் வந்தால் ஒரு முறை வாசிப்பு, கரும்பலகையில் சொற்பொருள், பிறகு ‘பாடலின் பொருள்’, கடைசியில் ‘அடி மாறாமல் எழுதுக’ என்ற கேள்விக்காக மனப்பாடம். அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் ‘அலகிட்டு வாய்பாடு தருக’ என்ற கேள்வியைப் பார்த்து மிரளுகிறார்கள். பாட்டின் பொருள் அவர்களுக்குத் தெரியும், ஆனால் அந்தப் பாட்டு எப்படி இயங்குகிறது என்பதை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

அதைக் காட்டுவதற்குக் குழந்தை நூல்களே நல்ல கருவி என்பது என் உறுதியான எண்ணம். குழந்தைப் பாட்டுத் தொகுப்பு, விடுகதைப் புத்தகம், படக்கதை ஆகிய மூன்றையும் சொல்கிறேன். சின்ன வகுப்புக்கு மட்டும் இல்லை, ஒன்பதாம் வகுப்புக்கும் சேர்த்துத்தான்.

## பொருள் எளிதாக இருப்பதுதான் வசதி

“இவ்வளவு எளிய பாட்டில் கற்பிக்க என்ன இருக்கிறது?” என்பது முதலில் வரும் கேள்வி. இதற்கு விடை அந்த எளிமையிலேயே இருக்கிறது.

சங்கப் பாடல் ஒன்றைக் கையில் கொடுத்தால் பிள்ளையின் கவனம் முழுவதும் “இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்பதிலேயே போய்விடும். ஓசையைக் கேட்கவும் அடி எங்கே முடிகிறது என்று பார்க்கவும் மனதில் இடம் இருக்காது. குழந்தைப் பாட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ‘ஓடி விளையாடு’ என்பதற்கு யாரும் உரை கேட்கப்போவதில்லை. ‘என்ன சொல்கிறது’ என்ற கேள்வி அரை நிமிடத்தில் முடிந்துவிடுவதால், ‘எப்படிச் சொல்கிறது’ என்ற கேள்விக்கு வகுப்பு நேரம் முழுவதும் கிடைக்கிறது. கவிதை என்பது பெரும்பாலும் அந்த ‘எப்படி’யில் இருக்கிறது.

## காது முதலில்: மோனை, எதுகை, இயைபு

பாரதியின் பாப்பா பாட்டு நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதன் தொடக்கம் எல்லோருக்கும் தெரியும்:

ஓடி விளையாடு பாப்பா – நீ
ஓய்ந்திருக்க லாகாது பாப்பா
கூடி விளையாடு பாப்பா – ஒரு
குழந்தையை வையாதே பாப்பா

இதைக் கரும்பலகையில் எழுதாமல், வாயால் மட்டும் இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். பிறகு, “எந்தெந்த இடத்தில் ஒரே சத்தம் திரும்ப வருகிறது?” என்று கேளுங்கள். முதலில் வரும் பதில் ‘பாப்பா’. அடியின் கடைசியில் ஒரே ஒலி திரும்ப வருவதற்கு இயைபு என்று பெயர். மேடைப் பேச்சில் நாம் ‘எதுகை மோனை’ என்று பாராட்டியதும் இந்த வகைதான்.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் யாராவது ஒரு பிள்ளை “ஓடி, கூடி” என்று சொல்லும். இரண்டு சொல்லிலும் இரண்டாம் எழுத்து ‘டி’. இப்படி இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. கூடவே ஒரு கட்டுப்பாடும் உண்டு: முதல் எழுத்துகளின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். ‘ஓ’, ‘கூ’ இரண்டும் நெடில் என்பதால் சரி. ‘ஓடி’க்கு ‘படி’ எதுகை ஆகாது. வாய்விட்டுச் சொன்னால் ஏன் என்று காதே சொல்லிவிடும்.

மூன்றாவது, ‘ஓடி – ஓய்ந்திருக்க’, ‘கூடி – குழந்தையை’. முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை. ‘கூ’வும் ‘கு’வும் வேறு எழுத்துகள் ஆயிற்றே என்று கூர்மையான பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. அச்சு அசலாக அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கும் வாயைக் குவித்துச் சொல்லும் ஒலிகள், ஒரே இனம். அதனால் கு, கூ, கொ, கோ ஒன்றுக்கொன்று மோனையாக நிற்கும். வாயைக் குவித்துக் காட்டினால் மூன்றாம் வகுப்புக்கும் இது புரியும்.

ஒரு பாட்டில் கண்டுபிடித்ததை இன்னொரு பாட்டில் தேடவிட வேண்டும். அப்போதுதான் அது பாடமாக நிற்கும். யாழ்ப்பாணத்தில் ‘தங்கத் தாத்தா’ என்று அழைக்கப்பட்ட நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டு இதற்கு மிகவும் பொருந்தும்:

ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை
ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே
கூடிப் பனங்கட்டிக் கூழும் குடிக்கலாம்
கொழுக்கட்டை தின்னலாம் தோழர்களே

ஆடி – கூடி எதுகை. ஆடி – ஆனந்தம், கூடி – கொழுக்கட்டை மோனை. அந்தக் கூ, கூ, கு, கொ வரிசையைக் கூழ் குடிக்கிற வாயோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பனங்கட்டி என்றால் பனைவெல்லம் என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதைப் பாட்டே பார்த்துக்கொள்ளும். பாரதியிடம் பார்த்த அதே ஏற்பாட்டைக் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு புலவரும் கையாண்டிருக்கிறார் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தால் அது தகவல். அவர்கள் கண்டுபிடித்தால் அடுத்த பாட்டிலும் தேடுவார்கள்.

இதுவரை பார்த்தது: இயைபு அடியின் முடிவில், எதுகை இரண்டாம் எழுத்தில், மோனை முதல் எழுத்தில். தமிழ்ப் பாட்டின் மினுமினுப்பு பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில் இருக்கிறது. ஆங்கில மழலைப் பாட்டை மட்டும் கேட்டு வளர்ந்த காது அடியின் கடைசியையே பார்த்துக்கொண்டிருக்கும். அதைத் திருப்புவதுதான் முதல் வேலை.

## பாண்டிக் கட்டத்தில் ஓர் அடி

அடுத்தது தாளம். இங்கேதான் பலரும் பயந்து ஒதுங்குகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, பாண்டி ஆடத் தெரிந்தால் போதும். சில ஊர்களில் நொண்டி என்பார்கள், சில்லு என்பார்கள். தரையில் கட்டம் போட்டு, ஒற்றைக் கட்டத்தில் ஒரு காலும், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரட்டைக் கட்டத்தில் இரண்டு காலும் வைத்துக் குதிக்கிற அதே விளையாட்டு.

தமிழ்ப் பாட்டின் தாளமும் இப்படி ஒற்றையும் இரட்டையுமாகத்தான் போகிறது. ஒரு குதிக்குள் அடங்கும் ஒலித்துண்டுக்கு அசை என்று பெயர். ஒற்றைக் கட்டம் நேரசை, இரட்டைக் கட்டம் நிரையசை. எது ஒற்றை, எது இரட்டை என்று தெரிந்துகொள்ள மூன்று விதிகள் போதும்.

புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது, முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நெடில் முதலில் வந்தால் அதற்கு ஓர் ஒற்றைக் கட்டம். குறில் முதலில் வந்தால் அடுத்த எழுத்தையும் சேர்த்துக்கொண்டு இரட்டைக் கட்டத்தில் இறங்கும். அடுத்தது புள்ளி எழுத்தாக இருந்தாலோ, சொல் அங்கேயே முடிந்துவிட்டாலோ குறிலும் ஒற்றைக் கட்டத்தில்தான்.

‘ஓடி விளையாடு பாப்பா’வைக் குதித்துப் பார்ப்போம். ஓ / டி – ஒற்றை, ஒற்றை. விளை / யா / டு – இரட்டை, ஒற்றை, ஒற்றை. பாப் / பா – ஒற்றை, ஒற்றை. பள்ளி முற்றத்தில் சாக்பீஸால் இந்தக் கட்டங்களை வரைந்து, வாயால் சொல்லிக்கொண்டே குதிக்கவிடுங்கள். பிறகு அதே கட்டத்தில் ‘கூடி விளையாடு பாப்பா’ என்று சொல்லிக் குதிக்கச் சொல்லுங்கள். ஒரு கால்கூடப் பிசகாது.

இப்போது ஒரு சொல்லை மாற்றுங்கள். ‘கூடி’க்குப் பதில் ‘இணைந்து’. இணைந் / து – இரட்டை, ஒற்றை. முதல் கட்டத்திலேயே கால் இடறும். சரி, ‘சேர்ந்து’ என்று போட்டால்? சேர்ந் / து – ஒற்றை, ஒற்றை. பொருளும் அதே, குதியும் அதே. ஆனால் ‘ஓடி’க்கு எதிரே நின்ற ‘டி’ போய்விட்டது. தாளம் வேறு, எதுகை வேறு, ஒன்று இருந்து மற்றது இல்லாமலும் போகலாம் என்பதை இந்த ஒரு மாற்றம் தெளிவாக்கிவிடும். ‘கூடி’யைப் பாரதி ஏன் விடவில்லை என்பதும் விளங்கும்.

அசைகள் சேர்ந்தது சீர். குழந்தைப் பாட்டில் பெரும்பாலும் ஒரு சொல்லே ஒரு சீராக நிற்கும். சீர்கள் சேர்ந்தது அடி, அதாவது பாட்டின் ஒரு வரி. சீரின் குதிமுறையைச் சொல்ல இலக்கணத்தில் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று சில மாதிரிச் சொற்கள் உண்டு. இவற்றுக்குத்தான் வாய்பாடு என்று பெயர். தே / மா என்றாலே ஒற்றை, ஒற்றை. புளி / மா என்றாலே இரட்டை, ஒற்றை. கூ / விளம் – ஒற்றை, இரட்டை. கரு / விளம் – இரட்டை, இரட்டை. பெயரே கட்டமும் ஆகிவிடுகிறது. இரண்டு அசைக்கு மேல் ஓர் ஒற்றை வந்தால் ‘காய்’ சேர்த்துக்கொள்வார்கள். அப்படியானால் ‘விளையாடு’ புளிமாங்காய்.

இந்த இடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் திருக்குறளின் முதல் அடியைக் கொடுங்கள்: ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’. அக / ர, முத / ல, எழுத் / தெல் / லாம், ஆ / தி. மூன்றாம் சீர் இரட்டை, ஒற்றை, ஒற்றை. பாரதியின் ‘விளையாடு’ எந்தக் கட்டத்தில் குதித்ததோ அதே கட்டத்தில் வள்ளுவரின் ‘எழுத்தெல்லாம்’ இறங்குகிறது. தேர்வில் மிரட்டிய அலகிடுதல் இவ்வளவுதான்: சீரை அசையாகப் பிரித்து, எந்தக் கட்டம் என்று பெயர் சொல்வது. குறளின் கடைசிச் சீருக்கு மட்டும் தனிக் கணக்கு இருக்கிறது, அதை அந்த வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். தளை, பா வகை எல்லாம் அதற்கும் அப்புறம்.

சுருக்கமாக: அசை என்பது ஒரு குதி, சீர் என்பது சில குதிகள் சேர்ந்த துண்டு, அடி என்பது அத்துண்டுகளின் வரிசை. முதலில் உடம்பு, பெயர் பிறகு. வரிசையை மாற்றினால் இந்த முறை வேலை செய்யாது.

## சொல்லாமல் விட்டது

ஓசையும் தாளமும் மட்டும் இருந்தால் கவிதை ஆகிவிடுமா? விளம்பரப் பாட்டிலும் அவை இருக்கின்றன. இந்தக் கேள்விக்குப் பதில் தேட, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையிடம் (1876–1954) போக வேண்டும். பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் அவர்.

தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே
துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி
அம்மா என்குது வெள்ளைப்பசு – உடன்
அண்டையில் ஓடுது கன்றுக்குட்டி
நாவால் நக்குது வெள்ளைப்பசு – பாலை
நன்றாய்க் குடிக்குது கன்றுக்குட்டி
முத்தம் கொடுக்குது வெள்ளைப்பசு – மடி
முட்டிக் குடிக்குது கன்றுக்குட்டி

தமிழ்நாட்டில் இந்தப் பாட்டைக் கேட்காமல் வளர்ந்தவர் குறைவு. அதனாலேயே இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. மோனையைப் பிள்ளைகளே இப்போது சொல்லிவிடுவார்கள்: தோட்டம் – துள்ளி, அம்மா – அண்டை, நாவால் – நன்றாய், முத்தம் – முட்டி. ஒரு ஜோடிகூடத் தப்பவில்லை.

அடுத்து, வினைச்சொற்களை எண்ணச் சொல்லுங்கள். ‘துள்ளி’, ‘முட்டி’ என்ற எச்சங்களை விட்டுவிட்டால், எட்டு அடி, எட்டு வினை. மேயுது, குதிக்குது, என்குது, ஓடுது, நக்குது, குடிக்குது, கொடுக்குது, மறுபடி குடிக்குது. அடிக்கு ஒரு செயல். ‘வெள்ளை’யைத் தவிர வேறு வருணனைச் சொல் கிட்டத்தட்ட இல்லை.

அப்புறம் இந்தக் கேள்வி: “இந்தப் பாட்டில் இல்லாத சொல் எது?” வகுப்பு விழிக்கும். கொஞ்ச நேரம் விடுங்கள். ‘அன்பு’ என்ற சொல் இல்லை. ‘பாசம்’ இல்லை, ‘தாய்’ இல்லை. ஆனால் பாட்டு முழுவதும் அதுதான். முதல் ஜோடியில் பசு ஒரு பக்கம் மேய்கிறது, கன்று இன்னொரு பக்கம் குதிக்கிறது, நடுவில் தூரம் இருக்கிறது. இரண்டாவதில் ஒரு குரல், ஓர் ஓட்டம், தூரம் குறைகிறது. மூன்றாவதில் நாக்கு தொடுகிறது. நான்காவதில் கன்று மடியை முட்டுகிறது. ஜோடிக்கு ஜோடி இரண்டும் நெருங்கி வந்துகொண்டே இருக்கின்றன. கவிமணி உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவில்லை, நடப்பதை மட்டும் வரிசையாக வைத்தார். பெயர் வைக்கிற வேலை நமக்கு மிச்சம்.

“அம்மா என்று கன்றுதானே கூப்பிட வேண்டும், பசு ஏன் கூப்பிடுகிறது?” என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். பசுவின் குரலே ‘அம்மா’ என்றுதான் நம் காதில் விழுகிறது என்று ஒருவர் சொல்வார், பாட்டுக்குள் அம்மாவே ‘அம்மா’ என்பது அழகாக இருக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘பாடலின் பொருள்’ என்று ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

## விடுகதை: உருவகத்துக்கு வாசல்

உவமை, உருவகம் இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். ‘மலர் போன்ற முகம்’ உவமை, ‘முகமலர்’ உருவகம் என்ற எடுத்துக்காட்டை எழுதிக்கொண்டு போவார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ஒன்றை இன்னொன்றாகப் பார்ப்பதில் இருக்கும் அதிர்ச்சி அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

விடுகதையில் அது கிடைக்கும். நம் வீடுகளில் சொல்லிவரும் ஒன்று: ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண் பட்டு உடைந்ததே மண்டபம்.’ விடை, தேன்கூடு. விடை தெரிவதற்கு முன்பு மனதில் தூணும் கூரையுமாக ஒரு மண்டபம் எழுந்திருக்கும். தெரிந்த கணத்தில் அந்த மண்டபமே தேன்கூடாக மாறுகிறது, தச்சர்கள் தேனீக்கள் ஆகிறார்கள். ஒரு பொருளை வேறொன்றாகவே பேசுவதுதான் உருவகம். ‘போல’ என்று சொல்லி இரண்டையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினால் அது உவமை. விடுகதையில் ‘தேன்கூடு மண்டபம் போல’ என்று சொல்லிவிட்டால் விளையாட்டு முடிந்தது. ‘போல’ மறைந்திருப்பதால்தான் மூளை வேலை செய்கிறது.

விடுகதையைக் கவிதையோடு சேர்ப்பது புதிய யோசனையும் அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகைகளைச் சொல்கிறது. அதில் பிசி என்பது விடுகதை, முதுசொல் என்பது பழமொழி. பிசி இரண்டு வகை என்றும், அதில் ஒன்று உவமையை வைத்து வருவது என்றும் தொல்காப்பியரே பிரிக்கிறார். பாட்டி சொன்ன விடுகதைக்கு இலக்கண நூலில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் பேசுவதற்கும் வகுப்பில் படிப்பதற்கும் நடுவில் நாம்தான் சுவர் எழுப்பியிருக்கிறோம்.

வகுப்பில் செய்ய வேண்டியது மிகவும் எளிது. பையில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து, அதன் பெயரைச் சொல்லாமல் இரண்டு அடியில் விடுகதை போடச் சொல்லுங்கள். ரப்பர், குடை, தண்ணீர் பாட்டில் என்று எதுவானாலும் சரி. விடையை மறந்துவிட்டு அந்த இரண்டு அடியை மட்டும் பார்த்தால், பாதிப் பிள்ளைகள் கையில் ஒரு சின்னக் கவிதை இருக்கும்.

## பக்கம் புரட்டும் இடமும் அடி முடியும் இடமும்

“எதுகை மோனை இல்லாததெல்லாம் கவிதையா? உரைநடையை உடைத்து எழுதினால் புதுக்கவிதை ஆகிவிடுமா?” என்ற சந்தேகம் பெரியவர்களுக்கே இருக்கிறது. உடைப்பது என்றால் என்ன என்று விளக்கப் படக்கதைப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

படக்கதையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம்தான் இருக்கும். எங்கே வாக்கியத்தை நிறுத்திப் பக்கம் புரட்டவைப்பது என்பதை எழுதியவர் யோசித்துத்தான் முடிவு செய்கிறார். ‘கதவைத் திறந்து பார்த்தால்’ என்று வலப்பக்கம் முடியும். குழந்தை புரட்டும் அந்த ஒரு நொடியில் ஆயிரம் யோசனை ஓடும். கவிதையில் அடி முடியும் இடம் செய்வதும் இதையேதான்: கண் கீழே இறங்கும் முன்பு ஒரு சின்னக் காத்திருப்பு.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘மழை நின்ற பிறகு வாழை இலையின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த கடைசித் துளி, கீழே இருந்த தவளையின் முதுகில் விழுந்தது.’ செய்தி முழுதாக இருக்கிறது. இதைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எங்கே புரட்ட வேண்டும், எதைப் படத்துக்கு விட்டுவிடலாம் என்று கேளுங்கள். இப்படி ஒன்று வரலாம்:

மழை நின்றுவிட்டது
இலை நுனியில்
இன்னும்
ஒரே ஒரு துளி
கீழே
தவளை

‘விழுந்தது’ போய்விட்டது. யாரும் அதைக் கேட்கமாட்டார்கள், எல்லோரும் தங்கள் மனதில் அந்தத் துளியை விழவைத்திருப்பார்கள். ‘இன்னும்’ என்ற சொல் தனி அடியில் நிற்பதால் துளி தொங்கும் நேரம் நீள்கிறது. உடைத்ததால் கவிதை வரவில்லை. எங்கே உடைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ததால் வந்தது.

படக்கதை கற்றுத்தரும் இன்னொன்று இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். நல்ல படக்கதையில் சொல் சொல்லாததைப் படம் சொல்லும். ‘முயல் தூங்கப் போனது’ என்று எழுதியிருக்கும், படத்தில் கட்டிலுக்குக் கீழே இரண்டு கண்கள் தெரியும். எழுதியதும் வரைந்ததும் வேறுபடும் இடத்தில் குழந்தை தானாகக் கதையைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பழக்கம் உள்ள பிள்ளைக்குச் சங்கப் பாடல் அந்நியமாக இருக்காது.

குறுந்தொகையின் 25ஆம் பாடல் கபிலர் எழுதியது, ஐந்தே அடி. தலைவன் யாருக்கும் தெரியாமல் தன்னை மணந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது. பாட்டு அதோடு முடிகிறது. மேல்வகுப்பில் இதை நடத்தும்போது உரைக்குப் போகாமல், “இது ஒரு படக்கதையின் கடைசிப் பக்கம் என்றால் படத்தில் என்ன வரைவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். குருகை வரைவார்கள். அது எங்கே பார்க்கிறது என்ற கேள்வி வரும். மீனைப் பார்க்கிறது. அப்படியானால் இருந்த ஒரே சாட்சியும் அவளைப் பார்க்கவே இல்லை. அவளுடைய தனிமையைக் கபிலர் ஒரு பறவையின் கண் போன திசையில் வைத்திருக்கிறார்.

இதுவரை சேர்ந்தவை: ஓசை, தாளம், ஒன்றை வேறொன்றாகப் பார்த்தல், அடியை நிறுத்தும் இடம், சொல்லாமல் விடுவது. ஒரு கவிதையில் இவை எல்லாமே இருக்க வேண்டும் என்பதில்லை.

## எந்தப் புத்தகத்தை எடுப்பது

குழந்தை நூல் என்று அச்சிட்டதெல்லாம் இதற்கு உதவாது. பக்கத்துக்குப் பக்கம் ‘பொய் சொல்லாதே, பல் தேய்’ என்று அறிவுரை மட்டும் சந்தத்தில் வரும் நூல்களைத் தவிர்த்துவிடுவேன். அறிவுரை தவறு என்பதால் அல்ல, அதில் பிள்ளை சேர்த்துக்கொள்ள இடம் இல்லை. ஔவையாரின் ஆத்திசூடி இதற்கு விதிவிலக்கு. அறிவுரையே ஆனாலும் ஒரு சொல்கூட மிச்சமில்லாத இறுக்கம் அதில் இருக்கிறது.

ஆங்கிலப் படக்கதைகளின் மொழிபெயர்ப்பை எடுக்கும்போது முதலில் சத்தமாக வாசியுங்கள். மூலத்தில் அடியின் கடைசியில் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகத் தமிழ் வாக்கியத்தை முறுக்கித் திருப்பியிருந்தால் நாக்கு இடறும். சந்தம் விட்டு, எளிய உரைநடையில் அழகாகப் பெயர்த்த நூலே மேல்.

நல்ல குழந்தைப் பாட்டுக்கு அழ. வள்ளியப்பாவின் (1922–1989) தொகுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் இராயவரத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக வாழ்நாள் முழுவதும் எழுதியவர். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வழியாக ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்த சிறு நூல்களும் வந்திருக்கின்றன. அவற்றைப் பீரோவில் பூட்டிவைக்காமல் செய்யுள் பாட வேளைக்கும் எடுத்துவர வேண்டும்.

## மனப்பாடம், எழுத்து, திருத்தம்

மனப்பாடத்துக்கு நான் எதிரி அல்ல. பலமுறை பாடி, குதித்து, சொல்லை மாற்றி விளையாடிய பாட்டு தானாகவே மனதில் நின்றுவிடும். பயத்தில் உருப்போட்டது தேர்வு முடிந்ததும் போய்விடும். ஆகவே மனப்பாடத்தைக் கடைசியில் வைத்தால் போதும், தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டியிருக்காது.

பிள்ளைகள் தாங்களே எழுதத் தொடங்கும்போது ஆசிரியர் கையில் இருக்கும் சிவப்புப் பேனாதான் பெரிய தடை. வீட்டில் பேசுகிற தமிழில் எழுதுவார்கள். ‘ஓடுகிறது’ என்று எழுதாமல் ‘ஓடுது’ என்று எழுதுவார்கள். அதை அடிக்கும் முன் கவிமணியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘மேயுது’ என்று அவர் எழுதியதை ‘மேய்கிறது’ என்று திருத்திப் பாருங்கள். மே / யுது என்று இரண்டு குதியில் முடிந்தது மேய் / கிற / து என்று மூன்றாகிவிடும், தோட்டத்திலேயே தாளம் தடுக்கும். பேச்சு வடிவம் அங்கே பிழை அல்ல, பாட்டின் தேவை. எழுத்துப்பிழை திருத்துவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, முதல் நாள் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இதைச் சத்தமாக வாசிக்கும்போது எந்த இடத்தில் உனக்கே தடுக்கிறது?” “எந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் பாட்டு அப்படியே இருக்கும்?” அந்த இரண்டு இடத்தையும் பிள்ளையே சரிசெய்யட்டும்.